உரிமம் முடிகிற தேதிக்கு முன்னால்

பெங்களூரில் கடையோ பட்டறையோ நடத்துகிறவர்களுக்கு வருடத்தில் ஒரு தடவையாவது இந்த போன் வரும்: "சார், உங்க ரினியூவல் இந்த மாசத்தோட முடியுது. இன்னைக்கே போட்டுடுங்க, அப்புறம் ஓப்பனே ஆகாது." ஓப்பனே ஆகாது என்று கேட்டதும் பயந்துபோய்ப் பணம் கட்டுகிறவர்கள் ஏராளம். சில மென்பொருள்களுக்கு அது உண்மை. சிலவற்றுக்கு அது சுத்தப் பொய். உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதை போன் வருவதற்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மென்பொருளுக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன. அந்த மென்பொருளை ஓட்டும் உரிமை ஒன்று. இனி வரப்போகும் பதிப்புகளைப் பெறும் உரிமை இன்னொன்று. மூன்றாவது, அதற்குள் நீங்கள் போட்டுவைத்த கணக்கு, வரைபடம், வாடிக்கையாளர் பட்டியல். இந்த மூன்றாவது விற்பவருடையதே அல்ல, உங்களுடையது. ஆனால் டீலர் பேசும்போது மூன்றையும் ஒரே கட்டணமாகச் சுருட்டித்தான் பேசுவார். நீங்கள் பிரித்துக் கேளுங்கள்: "நான் பணம் கட்டாவிட்டால் இதில் எது நிற்கும்?" அந்தக் கேள்விக்குப் பதிலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தாக வாங்குங்கள். எழுத்தில் கேட்டவுடனேயே பலரின் பதில் மாறிவிடும்.

டேலியை வைத்துப் பார்ப்போம்

இந்த ஊரிலேயே பிறந்த மென்பொருள் என்பதால் டேலியை எடுத்துக்கொள்வது பொருத்தம். 1986இல் ஷ்யாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கினார்கள். அப்பாவின் வியாபாரத்துக்கு ஒத்துவரும் கணக்கு மென்பொருள் சந்தையில் கிடைக்காததால் மகனே எழுதினார். அப்போது நிறுவனத்தின் பெயர் பியூட்ரானிக்ஸ். 2009இல் டேலி இ.ஆர்.பி. 9 வந்தது, 2020 நவம்பரில் டேலி பிரைம். கணக்கு எழுதும் வேலைக்கு ஆள் தேடுகிற எவரும் முதலில் கேட்பது "டேலி தெரியுமா?" என்பதுதான். இவ்வளவு பரவிய ஒன்றின் உரிம முறையைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும்.

டேலியில் நிரந்தர உரிமம் உண்டு, வாடகை உரிமமும் உண்டு. வாடகைக் காலம் முடிந்தால் வேலை நின்றுவிடும். நிரந்தர உரிமம் அப்படியல்ல. அதோடு சேர்ந்து வருவது டி.எஸ்.எஸ். என்ற வருடாந்தரச் சந்தா. ஒற்றைக் கணினிக்கான சில்வர் உரிமம் முன்பு 18,000 ரூபாயாகவும் டி.எஸ்.எஸ். 3,600 ஆகவும் இருந்தன. பிறகு அவை 22,500, 4,500 என்று உயர்ந்தன. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி. இரண்டு காலத்திலும் சந்தா உரிம விலையில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது ஐந்து வருடம் விடாமல் புதுப்பித்தால் இன்னொரு உரிமம் வாங்கிய பணம் போயிருக்கும். இது தவறு என்று நான் சொல்லவில்லை. பதிலுக்கு உங்களுக்கு என்ன வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

டி.எஸ்.எஸ். முடிந்த பிறகும் நிரந்தர உரிமத்தில் பில் போடலாம், லெட்ஜர் பார்க்கலாம், ட்ரையல் பேலன்ஸ் எடுக்கலாம். புதிய ரிலீஸ்கள் வராது. ஜி.எஸ்.டி. தளத்தோடும் இ-இன்வாய்ஸ் தளத்தோடும் இருந்த நேரடி இணைப்பு நிற்கும். வெளியிலிருந்து கணக்கைப் பார்க்கும் வசதியும் கிளைகளுக்கிடையே டேட்டா சேர்க்கும் வசதியும் போய்விடும். இ-இன்வாய்ஸைக் கோப்பாக எடுத்து அரசுத் தளத்தில் கையால் ஏற்றலாம். ஒரு நாளைக்கு நாலு பில் என்றால் அது முடியும், நாற்பது என்றால் முடியாது.

ஆகவே புதுப்பிப்பதா வேண்டாமா என்பது உங்கள் தொழிலின் அளவைப் பொறுத்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் பிற தொழில்களுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். அந்த வட்டத்தில் இருந்தால் சந்தாவை விடாதீர்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாகும் மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். பழைய பதிப்பில் அது கிடையாது, எனவே அங்கேயும் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அல்சூரில் ஒற்றை ஆளாக மளிகைக் கடை வைத்து, காம்போசிஷன் திட்டத்தில் வரி கட்டுகிறவருக்கு இந்த இரண்டு கட்டாயமும் இல்லை. 2025 செப்டம்பர் 22இல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது "அப்டேட் போட்டால்தான் புது ரேட் வரும்" என்று சொல்லிப் பணம் வாங்கியவர்கள் உண்டு. பொருள் மாஸ்டரில் விகிதத்தைக் கையால் மாற்றுவது ஜி.எஸ்.டி. வசதி உள்ள எந்தப் பதிப்பிலும் முடிகிற வேலை. டீலரிடம் கேட்பதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். அவருக்கு இதில் கமிஷன் இல்லை.

சந்தாவை நிறுத்த முடிவு செய்தால் இரண்டு காரியங்களைக் கட்டாயம் செய்யுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பின் இன்ஸ்டாலர் கோப்பைத் தனியாக ஒரு பென் டிரைவில் எடுத்துவையுங்கள். சந்தா முடியும்வரை வெளிவந்த ரிலீஸ்களுக்குத்தான் உங்கள் உரிமம் செல்லும். ஆறு மாதம் கழித்துக் கணினி கெட்டு, இணையத்திலிருந்து புதிய பதிப்பை இறக்கினால் அது உங்கள் உரிமத்தை ஏற்காது. பிறகு "பார்த்தீங்களா, சொன்னேனே" என்று டீலர் வருவார். அடுத்தது, கணினியை ஃபார்மேட் செய்வதற்கு முன்பு உரிமத்தை சரண்டர் செய்யுங்கள். இது மெனுவிலேயே இருக்கிறது, ஒரு நிமிட வேலை. செய்யாமல் அழித்துவிட்டால் அதே சீரியல் நம்பரை இன்னொரு கணினியில் ஏற்ற அலைய வேண்டியிருக்கும்.

இன்னொரு கேள்வியும் எழுத்தில் கேட்கத் தக்கது: இரண்டு வருடம் கழித்துத் திரும்ப வந்தால் விட்டுப்போன வருடங்களுக்கும் பணம் கேட்பீர்களா? இதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் வேறு. பதிலைப் பொறுத்து உங்கள் முடிவே மாறலாம்.

திரும்பி வர முடியாத மாற்றங்கள்

எரிச்சலில் பெரும்பகுதி கட்டணத்தால் வருவதில்லை, பொருந்தாமையால் வருகிறது. ஒன்றை மாற்றினால் அதோடு தொட்டுக்கொண்டிருக்கும் நாலு விஷயங்கள் மாற வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற டி.பி.எம். 2.0 சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி அந்த ஒரு நிபந்தனையால் ஓய்வுக்குப் போகிறது. புதுக் கணினி வந்தால் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைச் செருகுவதற்குப் பின்புறம் அதற்கான போர்ட்டே இல்லை. பீன்யா தொழிற்பேட்டையில் சி.என்.சி. இயந்திரத்தோடு வந்த உரிம டாங்கிளுக்குப் புது விண்டோஸில் டிரைவர் கிடைப்பதில்லை. விண்டோஸ் 10 ஆதரவு நின்ற அதே நாளில் ஆஃபீஸ் 2016, 2019 இரண்டின் ஆதரவும் முடிந்தது.

புதுக் கணினிக்கு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் விலை கேட்பதற்கு முன்னால், இப்போதைய கணினியோடு எவையெல்லாம் இணைந்திருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், எடைமேடை, வருகைப்பதிவு இயந்திரம், டாங்கிள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாமே. ஒவ்வொன்றின் பெயரையும் மாடல் எண்ணையும் கடைக்காரரிடம் காட்டி, விண்டோஸ் 11இல் ஓடும் என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடை. ஏதாவது ஒன்று ஓடாது என்றால் பழைய கணினியை வீசாதீர்கள். இணையத்தைப் பிடுங்கிவிட்டு அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இல்லாத கணினிக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனதால் வரும் ஆபத்து மிகக் குறைவு. பென் டிரைவில் வருவதை மட்டும் கவனித்தால் போதும்.

டேட்டாவிலும் ஒருவழிப் பாதைகள் உண்டு. டேலி பிரைமின் 3.0 ரிலீஸ் 2023இல் வந்தபோது பழைய கம்பெனி டேட்டாவை மைக்ரேட் செய்ய வேண்டியிருந்தது. ஒருமுறை மைக்ரேட் ஆனதைப் பழைய ரிலீஸில் திறக்க முடியாது. இது மறைத்துச் செய்ததல்ல, பேக்கப் எடுத்துக்கொள்ளச் சொல்லித்தான் கேட்கும். அவசரத்தில் நாம்தான் எஸ் எஸ் என்று தட்டிக்கொண்டே போகிறோம். எந்த மென்பொருளிலும் "மைக்ரேட்", "கன்வர்ட்", "அப்கிரேட் டேட்டா" என்ற சொற்கள் திரையில் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்து, பிறகு வாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி எதையும் செய்யக் கூடாது.

சுல்தான்பேட்டை, அவென்யூ ரோடு பக்கம் அச்சகம் நடத்துகிறவர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். புதுக் கோரல்டிராவில் செய்த திருமணப் பத்திரிகையைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. "எக்ஸ் 7ல சேவ் பண்ணி அனுப்புங்க" என்று தினம் பத்து தடவை போனில் சொல்ல வேண்டியிருக்கிறது. அடோபி 2013இல் கிரியேட்டிவ் சூட் (சி.எஸ்.) தொகுப்பை நிறுத்திச் சந்தா முறைக்கு மட்டும் மாறியது. சி.எஸ். 6தான் கடைசி நிரந்தர உரிமம். இதில் அச்சகத்தார் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: பேஜ்மேக்கர் கோப்புகளை இன்டிசைனின் சி.எஸ். 6 வரையிலான பதிப்புகள் திறக்கும், அதற்குப் பின் வந்தவை திறக்காது. இருபது வருடத் தமிழ்ப் புத்தக வேலைகள் பேஜ்மேக்கரில் கிடக்கிற அச்சகங்கள் எத்தனையோ. அவற்றை மீட்க வழி இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆஃபீஸ் 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது. பக்க அமைப்பு கொஞ்சம் கலையும், எழுத்துகள் கிடைத்துவிடும். அந்த எழுத்துகள் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துரு முறைகளில் இருக்கும். அவற்றை யூனிகோடாக மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. இன்றைக்கு எந்தக் கணினியிலும் கைபேசியிலும் திறக்கும் வடிவம் அது. மாற்றிவிட்ட பிறகு உங்கள் நூல்கள் எந்த நிறுவனத்தின் எழுத்துருவுக்கும் அடிமையில்லை. இதை ஓய்வு நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். அந்தக் கோப்புகளைத் திறக்கிற கடைசிக் கணினி நின்றுபோன பிறகு செய்ய முடியாது.

நிரந்தர உரிமம் என்ற சொல்லுக்கும் ஒரு எல்லை உண்டு. சி.எஸ். 2க்கான ஆக்டிவேஷன் சர்வரை அடோபி 2012 டிசம்பரில் மூடியது. பிறகு அந்த வாடிக்கையாளர்களுக்கு ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்பைக் கொடுத்தது. எல்லா நிறுவனமும் அப்படிக் கொடுக்கும் என்பதில்லை. இணையத்தில் ஒப்புதல் வாங்கித்தான் ஓடும் மென்பொருள் என்றால், அந்த சர்வர் இருக்கும்வரைதான் உங்கள் நிரந்தரம்.

சின்ன கம்பெனி எழுதிக்கொடுத்த பில்லிங் மென்பொருள்

பெரிய பெயர்களைவிட எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். பெங்களூரில் மென்பொருள் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. நகைக்கடைக்கு, கிளினிக்குக்கு, டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்கு என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து அழகாக எழுதிக்கொடுக்கிறார்கள். விலையும் குறைவு. நாலு வருடத்தில் அவர்களில் ஒருவர் பெரிய கம்பெனிக்குப் போய்விடுகிறார், இன்னொருவர் வெளிநாடு. ஏ.எம்.சி. என்ற வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணம் கட்டிய ரசீது மட்டும் நம் கையில் இருக்கிறது.

இப்படி வாங்குகிறவர்கள் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் கேட்டு வாங்க வேண்டியது சோர்ஸ் கோட் மட்டுமல்ல. சோர்ஸ் கோட் கிடைத்தாலும் படிக்க ஆள் வேண்டும். டேட்டாபேஸின் பாஸ்வேர்ட், டேட்டா எந்தக் கோப்பில் எங்கே இருக்கிறது, எந்த அட்டவணையில் என்ன இருக்கிறது என்ற ஒரு பக்கக் குறிப்பு, எல்லாப் பில்களையும் சரக்கு இருப்பையும் எக்செலுக்கு எடுக்கும் ஒரு பொத்தான். இவை இருந்தால் வேறு எந்தப் புரோகிராமரும் ஒரு வாரத்தில் உங்கள் டேட்டாவை மீட்டுத் தருவார். "பாஸ்வேர்ட் கொடுத்தா நீங்க கெடுத்துடுவீங்க" என்பார்கள். மூடிய உறையில் போட்டுக் கொடுக்கச் சொல்லி ஆடிட்டரிடம் வைத்துவிடுங்கள். இதற்கும் ஒப்பாதவரிடம் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கும் வழியுண்டு. டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பில்லிங் 64-பிட் விண்டோஸில் ஓடாமல் நின்றுவிட்டதா? அதன் டேட்டா பெரும்பாலும் டி.பி.எஃப். என்று முடியும் கோப்புகளில் இருக்கும். அவற்றை லிப்ரேஆஃபீஸ் கால்க் நேரடியாகத் திறக்கும். சட்டமும் உங்கள் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. முறையாக உரிமம் வாங்கியவர் பாதுகாப்புக்காக நகல் எடுத்துவைப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. வேறொரு மென்பொருளோடு இணைந்து இயங்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, அதைக் கண்டறியத் தேவையானதைச் செய்வதையும் அதே பிரிவு அனுமதிக்கிறது.

எத்தனை வருட டேட்டா வேண்டும் என்று கேட்பார்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். கம்பெனி என்றால் எட்டு வருடம். மென்பொருள் மாறலாம், கம்பெனி மூடலாம், இந்தக் கடமை மாறாது. வருடம் முடிந்ததும் லெட்ஜர், டே புக், சரக்கு இருப்பு மூன்றையும் எக்செலிலும் பி.டி.எஃப்.இலும் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

கிராக் போட்ட மென்பொருள் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். உரிமமில்லாத நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 63பி பிரிவில் ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வடிவமைப்பு மென்பொருள் நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் வந்து கணினிகளைப் பார்த்த நிகழ்வுகள் உண்டு. ஐந்நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் விண்டோஸ், ஆஃபீஸ் கீகளும் எங்கிருந்து வந்தவை என்று யாரும் உறுதி சொல்ல முடியாதவை.

தானாகப் பிடிக்கும் பணம்

ஆன்டிவைரஸ், டிசைன் மென்பொருள், கிளவுட் சேமிப்பு ஆகியவை பெரும்பாலும் கார்டிலோ யு.பி.ஐ.யிலோ தானாகப் புதுப்பித்துக்கொள்கின்றன. ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் இதைக் கட்டுப்படுத்துகின்றன. பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது உங்களுக்குத் தகவல் வர வேண்டும். ஓ.டி.பி. இல்லாமல் பிடிப்பதற்கான வரம்பை 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதற்கு மேற்பட்ட மென்பொருள் சந்தா என்றால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. வேண்டும். வங்கியின் ஆப்பில் இ-மேண்டேட் அல்லது ஆட்டோபே என்ற பகுதிக்குப் போனால் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும் அனைத்தும் தெரியும். அங்கேயே நிறுத்தலாம். நிறுவனத்தின் தளத்தில் ரத்து பொத்தானைத் தேடிக் களைத்துப்போனவர்கள் இதைச் செய்யுங்கள், ஆனால் ரத்து செய்ததை மின்னஞ்சலிலும் தெரிவித்துவிடுங்கள்.

மாதாமாதம் கட்டும் சந்தா எல்லாம் மாதச் சந்தா அல்ல. "ஆண்டுத் திட்டம், மாதத் தவணை" என்று இருந்தால் நடுவில் நிறுத்த அபராதம் கேட்பார்கள். இந்த அபராதத்தை மறைத்ததாகத்தான் அமெரிக்க அரசு 2024 ஜூனில் அடோபி மீது வழக்குத் தொடுத்தது. நம் நாட்டிலும் 2023 நவம்பர் 30இல் மத்திய அரசு 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடைசெய்து வழிகாட்டுதல் வெளியிட்டது. வெளியேற விடாத சந்தா, பொய்யான அவசரம் காட்டுவது, மென்பொருள் சேவைகளுக்குச் சொல்லாமல் பணம் பிடிப்பது ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. புகாரில் இந்த வழிகாட்டுதலைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

தொழிலுக்கு வாங்கும் சந்தாவில் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைக் கணக்கில் பதிந்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பதியாவிட்டால் கட்டிய 18 சதவீதத்துக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவர் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். விற்றவரின் தலைமையகம் எங்கே இருந்தாலும் பெங்களூரிலேயே போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

தொழிலுக்கு வாங்கியவர்களின் நிலை வேறு. பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்கிறவர் நுகர்வோராகக் கருதப்படலாம். ஒரு தையற்கடைக்காரரோ தனி ஆடிட்டரோ அப்படி வாதாட முடியும். ஆனால் 2025 நவம்பரில் பாலி மெடிக்யூர், பிரில்லியோ டெக்னாலஜிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: லாபத்துக்கான தொழில் நடைமுறையைத் தானியங்கியாக்க மென்பொருள் உரிமம் வாங்கிய கம்பெனி நுகர்வோர் அல்ல. ஆகவே கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு ஏறத்தாழ மூடிவிட்டது. மிஞ்சுவது ஒப்பந்தமும் சிவில் நீதிமன்றமும்தான். டீலர் வாயால் சொன்ன "லைஃப்டைம் ஃப்ரீ அப்டேட்" அங்கே நிற்காது. பில்லிலோ மின்னஞ்சலிலோ இருந்தால்தான் நிற்கும். இந்த அத்தியாயம் முழுக்க எழுத்தில் வாங்குங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே காரணம்.

விட்டு வெளியேறுவதென்றால்

கோபத்தில் மாறாதீர்கள். மென்பொருள் மாற்ற ஏப்ரல் 1 ஒன்றுதான் சரியான நாள். வருடத்தின் நடுவில் மாறினால் இரண்டு மென்பொருளின் கணக்கையும் சேர்த்து ஆடிட் முடிப்பது பெரும் பாடு. எனவே ஜனவரியிலேயே மாற்று மென்பொருள்களைச் சோதிக்கத் தொடங்குங்கள். சோதிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதற்குள் டேட்டாவைக் கொண்டுவருவது எப்படி என்பதல்ல, அதிலிருந்து வெளியே எடுப்பது எப்படி என்பது. சோதனைக் காலத்திலேயே பத்து பில் போட்டு அனைத்தையும் எக்செலுக்கு எடுத்துப் பாருங்கள். எடுக்க முடியவில்லை என்றால் அடுத்த ரினியூவல் சண்டையை இப்போதே வாங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

மார்ச் 31 ட்ரையல் பேலன்ஸைப் பழைய மென்பொருளில் எடுத்து ஆடிட்டரின் கையெழுத்தோடு வையுங்கள். புதியதில் தொடக்க இருப்பாக அதே எண்கள் பைசா சுத்தமாக வர வேண்டும். சரக்கு இருப்பும், வர வேண்டிய பாக்கிகளும் பில் வாரியாக ஒத்துப்போக வேண்டும். ஏப்ரல் முழுவதும் இரண்டிலும் பில் பதியுங்கள். வேலை இரட்டிப்புதான், கணக்கு எழுதுகிற பையனுக்கு அந்த மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள். ஏப்ரல் மாத ஜி.எஸ்.டி.ஆர்.-1 மே 11க்குள் போக வேண்டும். அந்த எண்கள் இரண்டு மென்பொருளிலும் ஒன்றாக வந்த பிறகு பழைய சந்தாவை நிறுத்துங்கள். அதுவரை அதன் புதுப்பிப்பு உயிரோடு இருக்கும்படி தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.